பத்தொன்பது யூனிற்

ஆவணி. ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுக்குப் போகிற ரோட்டில்
சோழகம் புழுதியை வாரி ஹெல்மெற்றுக்குள் போடுகிறது.
எனக்கு ஒரு நாளைக்கு நூற்றுப் பத்து மீற்றர்.
வீடுகளை ஆட்களால் தெரியாது எனக்கு,
எண்களால் தெரியும்.
தொண்ணூற்று நாலு, சந்திக் கடைக்குப் பின்வீடு.
நூற்றுப் பன்னிரண்டு, கட்டிலுக்கு ஒன்று கதிரைக்கு ஒன்றென்று
இரண்டு ஃபான் வாங்கிய வீடு.
எல்லாம் ஒரே அச்சு. கல் சுவர், மேலே சீற்.
திட்டம் வீட்டைத் தந்தபோது
வெயிலையும் சேர்த்தே தந்தது.

இராசவதனியின் மீற்றர் மட்டும்
போன மாதம் இருபத்தொன்று.
இந்த மாதம் பத்தொன்பது.
பெட்டியைத் தட்டிப் பார்த்தேன். சீல் உடையவில்லை.
சில்லு சுற்றத்தான் செய்தது,
வேலைக்குப் போக மனமில்லாத ஆள் மாதிரி.
அரிசி ஆலையில் மூட்டை நிறுக்கிறவள்
கரண்டை எப்படிக் களவெடுக்கிறாள் என்று
எனக்கொரு கற்பனை இருந்தது.
அதை எழுதிக் கொடுத்தேன்.

சோதனைக்கு வந்தவர் எட்வின் குரூஸ். பேசாலைக்காரர், பருத்த உடம்பு.
பகல் பன்னிரண்டரை.
முற்றத்திலிருந்து வயரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்,
நான் பின்னால்.

முதலில் கண் இருண்டது.
பிறகு தோல் ஆறியது.

தேக்குச் சட்டம், பனஞ்சிலாகை.
இரண்டு பலகைக்கு நடுவே நாலு விரல் இடைவெளி,
இடைவெளி முழுக்க உமி,
சுண்ணாம்பும் காய்ந்த வேப்பிலையும் கலந்த உமி.
ஓட்டுக்குக் கீழே பனையோலைத் தட்டி.
முழங்கால் உயரத்தில் சோழகம் நுழைய ஒரு வரிசைத் துவாரம்,
முகட்டடியில் இன்னொன்று.
"காத்து வாறதுக்கு வழி விட்டாப் போதாது.
போறதுக்கும் விடவேணும்."

குரூஸ் ஒவ்வொரு சுவிச்சாகப் போட்டார்.
மூன்று பல்ப். ஒரு ரேடியோ.
ஒரு ஃபான், அதன் இறக்கையில் சிலந்தி வலை.

"கேடர், கம்பி எண்டு போட்டிருக்கலாமே தங்கச்சி,
மரத்துக்குப் பெர்மிற் எடுக்க அலைஞ்சிருப்பீங்கள்."
"ஒன்பது மாதம்" என்றாள்.
கையைத் தோளுக்குப் பின்னால் வளைத்து
ஒரு இடத்தைத் தொட்டாள்.
"வெயில் ஏறினா இதுவும் சுடும்.
எனக்குள்ள கிடக்கிற இரும்பு காணும், சேர்.
வீட்டுக்கும் வேண்டாமெண்டு விட்டிட்டன்."
குரூஸ் ரெஸ்ரரைச் சட்டைப் பையில் செருகினார்.

பிறகு அவள் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தாள்.
தொப்பென்றால் சரி.
டங்கென்றால் அங்கே உமி இறங்கிவிட்டது.
"எலியும் இருக்கு. வருசத்துக்கு ரெண்டு சாக்கு
திரும்ப நிரப்பவேணும். சும்மா குளிராது."

தேத்தண்ணி போட அவள் குசினிக்குப் போன நேரம்
சுவரில் சாய்ந்திருந்த குரூஸ் நித்திரை.
சோதனை அதிகாரி,
வாயைத் திறந்தபடி, சப்பாத்தோடு, முக்கால் மணித்தியாலம்.
நெற்றியில் ஒரு துளி வேர்வை இல்லை.
தேத்தண்ணி ஆறியது.
நாங்கள் எழுப்பவில்லை.

படிவத்தில் காரணத்துக்கென்று ஒரு கட்டம் உண்டு.
வீடு பூட்டு. நாய். மீற்றர் பழுது. களவு.
குரூஸ் கனநேரம் அதைப் பார்த்துவிட்டு
ஓரத்தில் 'உமி' என்று எழுதிக்
கையெழுத்து வைத்தார்.

இரவு பத்தரை, மாங்குளத்தில் என் வீடு.
கல் சுவரில் உள்ளங்கையை வைத்தேன்.
பகல் இன்னும் உள்ளேதான் இருந்தது.
ஃபான் அதை அள்ளி அள்ளி எங்கள்மேல் ஊற்றிக்கொண்டிருந்தது.
மகன் பாயை இழுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விட்டான்.
போன மாதம் எங்கள் கணக்கு நூற்று முப்பத்தொன்று.

"ஆலையில ஒரு சாக்கு உமி என்ன விலை?"
மனைவி கதையை அரைவாசியில் நிறுத்திக் கேட்டாள்.
தெரியாது என்றேன்.

எண்பது ரூபாய்.
வரும் வழியில் விசாரித்திருந்தேன்.